பொங்கலுக்குப் பூக்கும் சால்வியா: ஐதராபாத் வாசலில் ஒரு சிவப்புக் கோலம்

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை. நாம்பள்ளி பொருட்காட்சி மைதானத்தில் 'நுமாயிஷ்' பார்த்துவிட்டு, செகந்திராபாத் பக்கம் பஸ் ஏறும் குடும்பங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஒரு கையில் குழந்தை. இன்னொரு கையில் போர்வை மூட்டையோ பீங்கான் ஜாடியோ. இவற்றோடு, வழியில் நர்சரிக்காரரிடம் வாங்கிய கறுப்புப் பிளாஸ்டிக் பை ஒன்றும் இருப்பதுண்டு. பையிலிருந்து தீப்பிழம்பு போலச் சிவந்த பூங்கொத்துகள் எட்டிப் பார்க்கும். அதுதான் சால்வியா.

வீட்டு வாசலில் வைத்த பதினைந்து நாளும் கண்கொள்ளாக் காட்சிதான். மூன்றாவது வாரம் பூ வெளுக்கும். நான்காவது வாரம் அடியிலை மஞ்சளாகி உதிரும். மாசி பிறக்கும்போது தொட்டியில் குச்சிதான் மிச்சம். "ஏங்க, அந்தக் காசுக்கு ஒரு வாரத்துக்கு மல்லிகைப் பூ வாங்கியிருக்கலாமே" என்பார் இல்லத்தரசி. "இந்த ஊர்த் தண்ணி அதுக்கு ஒத்துக்கலை" என்று சமாதானம் சொல்வார் கணவர். மாரேட்பள்ளியிலும் மெட்டுகுடாவிலும் பத்மராவ் நகரிலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் உரையாடல் இது.

உண்மையில் குற்றம் தண்ணீரிலும் இல்லை, ஊரிலும் இல்லை. பூத்துக் குலுங்கும் நிலையில் கடையில் நிற்கும் சால்வியா, தன் ஆயுளில் பாதிக்கு மேல் கழித்துவிட்ட செடி. அதை வாங்கி வந்தவருக்குக் கிடைப்பது கடைசி அத்தியாயம் மட்டுமே. முதல் அத்தியாயத்தையும் வீட்டிலேயே நடத்திக்கொள்ள முடியும். அதற்குத் தோட்டம் வேண்டியதில்லை. காலை வெயில் விழும் நான்கடி வராந்தா இருந்தால் போதும். ஒரு பொட்டலம் விதை மூன்று மாதம் பூக்காட்சி தரும்.

துளசிக்கு உறவுமுறை

சால்வியா நமக்கு முற்றிலும் அந்நியச் செடி அல்ல. துளசி மாடத்துக்குப் போய்ச் செடியின் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால், அது உருண்டையாக இல்லாமல் நான்கு பட்டையாக இருப்பது தெரியும். சால்வியாவின் தண்டும் அப்படியே. இலைகள் எதிர் எதிராக ஜோடி சேர்ந்து நிற்பதும், பூ மேலுதடு கீழுதடு என்று வாய் பிளந்து நிற்பதும் இந்தக் குடும்பத்தின் அடையாளங்கள். துளசி, புதினா, கற்பூரவல்லி, தும்பை, திருநீற்றுப்பச்சிலை எல்லாம் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

சார்மினார்ப் பக்கம் ஃபலூதாவில் மிதக்கும் 'சப்ஜா' விதை, திருநீற்றுப்பச்சிலையின் விதைதான். அதைப் போலவே தண்ணீரில் ஊறிக் கொழகொழக்கும் 'சியா' விதையோ உண்மையான சால்வியா இனங்களில் ஒன்றின் விதை. மெக்சிகோ பக்கத்துப் பயிரான அதை, மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் கர்நாடக விவசாயிகளும் பயிரிடத் தொடங்கினார்கள். சப்ஜாவும் சியாவும் ஒன்றென்று எண்ணி வாங்குபவர்கள் பலர். இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் வேறு வேறு செடிகள்.

உலகில் சால்வியா இனங்கள் ஏறத்தாழ ஆயிரம் உண்டு என்கிறார்கள் தாவர இயலார். 'குணப்படுத்துதல்' என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. மத்தியதரைக் கடல் நாடுகளில் சமையலுக்கும் மருந்துக்கும் பயன்பட்ட 'சேஜ்' என்ற செடியால் அந்தப் பெயர் வந்தது. பெயரைக் கேட்டுவிட்டு வாசலில் நிற்கும் சிவப்பு சால்வியாவைக் கஷாயம் வைக்கக் கூடாது. அது அழகுக்கு மட்டுமே.

நம் பூங்காக்களில் காணும் சிவப்பு வகை பிரேசில் நாட்டு மலைப் பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குத் தாவர இயல் பெயர் சூட்டப்பட்டது. காட்டில் ஆள் மார்பளவு வளரும் செடி அது. பூங்காக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, ஒரு முழ உயரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

ஊட்டியில் மே, இங்கே ஜனவரி

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் சால்வியாவை முதலில் பார்த்தது பெரும்பாலும் ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில்தான். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலர்க் கண்காட்சிக்குப் போயிருப்பார்கள். பாத்தி பாத்தியாகச் சிவப்புக் கம்பளம் விரித்தது போல அது நின்றிருக்கும். 'மே மாதத்துப் பூ' என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. ஐதராபாத் திரும்பியதும் விதை வாங்கி, சித்திரை வைகாசியிலேயே போடுகிறார்கள். முளைத்தது ஒரு வாரத்தில் கருகுகிறது.

செடி மே மாதத்தைப் பார்த்துப் பூப்பதில்லை. குளிரும் இல்லாத, கொதிப்பும் இல்லாத பருவத்தைப் பார்த்துப் பூக்கிறது. ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கும் ஊட்டியில் அந்தப் பருவம் மே மாதம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,750 அடியில் இருக்கும் ஐதராபாத்தில் அது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மே மாதத்தில் இங்கே நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியைத் தொடும். மார்கழி இரவுகளிலோ 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். சென்னையில் மார்கழியிலும் இரவு 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். குளிர்காலப் பூக்களைப் பொறுத்தமட்டில், சென்னையை விட்டு இங்கு வந்தவர் ஒரு படி மேலே ஏறியிருக்கிறார் என்றே சொல்லலாம்.

மழையும் வேறு. தஞ்சாவூர்க்காரருக்கும் சென்னைக்காரருக்கும் ஐப்பசி கார்த்திகைதான் அடைமழை. ஐதராபாத்தில் ஆண்டு மழையான சுமார் 800 மில்லி மீட்டரில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஊரில் நாற்று அழுகும் ஐப்பசி, இங்கே நாற்றுக்கு உகந்த காலம். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று கேட்டு வளர்ந்தவர்கள், சால்வியாவுக்கு மட்டும் புரட்டாசிப் பட்டத்தைத் தேட வேண்டும்.

இதை நினைவில் வைக்க எளிய வழி உண்டு. தெலங்கானாப் பெண்கள் ஆவாரம்பூவையும் பண்ணைப்பூவையும் அடுக்கிப் பதுக்கம்மா கொண்டாடும் நாட்களும், நம் வீடுகளில் கொலு வைக்கும் நாட்களும் ஒன்றாகவே வரும். அந்த வாரம் விதை போட வேண்டும். தீபாவளி கழிந்து இரண்டொரு வாரத்தில் நாற்றைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். பொங்கலுக்குச் செடி பூக்கும்.

விதை போடும் முறை

விதை போடப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். அடியில் துளையிட்ட தயிர் டப்பா, பழைய தட்டு, தேங்காய்ச் சிரட்டை எதுவானாலும் சரி. தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. அதுதான் பதம்.

இங்கேதான் பலர் முதல் தவறு செய்கிறார்கள். கீரை விதை போல நினைத்து, சால்வியா விதையின் மேல் மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள். இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலாகத் தூவி, விரலால் மெல்ல அழுத்தினால் போதும். பூவாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். ஆகவே கையால் தெளிக்க வேண்டும். மேலே ஒரு கண்ணாடித் தாள் போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்தால் பத்து முதல் பதினான்கு நாளில் முளை தெரியும். முளை கண்டதும் தாளை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் உள்ளே புழுக்கம் ஏறி, நாற்றழுகல் நோய் வந்து, இரவு நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும்.

டப்பா கூரைக்கு அடியில் இருப்பது நல்லது. புரட்டாசி கடைசியில் இந்த ஊரில் திடீரென்று பேய்மழை வருவதுண்டு. 2020 அக்டோபரில் நகரின் பல பகுதிகள் ஒரே இரவு மழையில் மிதந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நான்கு இலை வந்ததும் ஒவ்வொரு நாற்றையும் தனித்தனிக் காகிதக் குவளைக்கு மாற்ற வேண்டும். தூக்கும்போது இலையைப் பிடிக்கலாம். தண்டைப் பிடிக்கக் கூடாது. ஓர் இலை போனால் வேறு இலை வரும். தண்டு நசுங்கினால் செடியே போயிற்று.

மனம் துணிந்து கிள்ள வேண்டும்

நாற்றில் மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். ஆசையாக வளர்த்ததைக் கிள்ள மனம் வராதுதான். கிள்ளாத செடி ஒரே குச்சியாக மேலே போய் உச்சியில் ஒரே ஒரு பூங்கொத்து தரும். கிள்ளிய செடி பக்கத்துக்கு இரண்டாகக் கிளைத்து நான்கு, ஆறு கொத்துகள் தரும். பூக்க ஒன்றிரண்டு வாரம் தாமதமாகும். அந்தத் தாமதம் வட்டியோடு திரும்பி வரும்.

எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு மூன்று. ரெயில்வே குவார்ட்டர்ஸில் வீட்டு முன்னால் கொஞ்சம் நிலம் உள்ளவர்கள் செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி விட்டு நடலாம். நெருக்கி நட்டால் காற்றோட்டம் இல்லாமல் அடியிலை அழுகும்.

தொட்டி மண்ணுக்குச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்ப்பது வேர்ப் பூச்சிக்குக் காவல். ஐதராபாத்தைச் சுற்றிக் கிடைக்கும், கருங்கல் பாறை உடைந்து உண்டான செம்மண் இதற்கு அருமையானது. தண்ணீர் தேங்காது. ஆனால் வீடு கட்டிய இடத்து மண்ணை அள்ளிப் போடக் கூடாது. அதில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். சால்வியாவுக்குச் சற்றே புளிப்பான மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு அதற்குப் பகை.

'ஊர்த் தண்ணி ஒத்துக்கலை'

கணவர் சொன்ன சமாதானத்திலும் ஓரளவு உண்மை உண்டு. 1908 செப்டம்பரில் மூசி நதி பெருக்கெடுத்து நகரை அழித்தபின், வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீருக்காகவும் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகள் கட்டப்பட்டன. பிறகு மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி நீரும் நகருக்கு வந்தன. அந்தக் குழாய்த் தண்ணீர் செடிக்குக் கெடுதல் செய்வதில்லை. தொல்லை தருவது ஆழ்துளைக் கிணற்று நீர். பல பேட்டைகளில் அது உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீர். குளியலறைத் தரையில் வெள்ளைக் கறை படிகிறதா, பாத்திரத்தில் அடை படிகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்த நீரையே நாள்தோறும் ஊற்றினால் புதிய கொழுந்திலை மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்பதற்கு அது அடையாளம். 'சத்துக் குறைவு' என்று எண்ணி மேலும் மேலும் உரம் போடுவது, அஜீரணக்காரனுக்கு விருந்து வைப்பது போன்றது. மேல்மண்ணை எடுத்துவிட்டு மக்கிய உரம் போட்டு, சில நாள் குழாய்த் தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ ஊற்றினால் தேறும். தேறாவிட்டால், செடிகளுக்கென்று விற்கும் இரும்புச் சத்துக் கரைசலைப் பொட்டலத்தில் கண்ட அளவில் ஒரு முறை தெளிக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டுச் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்து வெளியே விடும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் தண்ணீரிலிருந்த உப்பெல்லாம் திரண்டு வருவது அந்தக் கழிவில்தான். அதைத் தரை கழுவ வைத்துக்கொண்டு, அரிசி கழுவிய நீரைச் செடிக்குக் கொடுப்பது மேல்.

எவ்வளவு ஊற்றுவது? மண்ணில் விரல் ஒரு கணு ஆழம் இறங்கும்போது ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். தட்டாவிட்டால் காலையில் வேரடியில் ஊற்ற வேண்டும். மார்கழியில் எட்டு அங்குலத் தொட்டிக்கு அரை லிட்டர் தாராளம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து அதில் நீர் தேங்க விடுவது வேருக்கு எமன். அலுவலகம் போகும் அவசரத்தில் தினம் ஒரு செம்பு என்று கணக்குப் பார்க்காமல் ஊற்றும் வழக்கத்தால் செத்த சால்வியா அதிகம்; காய்ந்து செத்தது குறைவு.

வெயில், உரம், கத்தரி

குளிர்காலத்தில் காலையிலிருந்து ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கிழக்குப் பார்த்த வராந்தா முதல் தரம். குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குப் பார்த்த இடமும் நல்லது. வடக்குப் பார்த்த வராந்தா மட்டுமே உள்ளவர்கள் மாடிக்குக் கொண்டு போக முடியாவிட்டால், சால்வியா ஆசையை விட்டுவிட்டு நிழலில் வாழும் கோலியஸ் வைப்பது நலம். அதுவும் துளசிக் குடும்பந்தான். வண்ணத்தை இலையிலேயே காட்டிவிடும். மாசி பிறந்தபின் பிற்பகல் வெயில் சால்வியாவைச் சுடும். அப்போது ஒரு பழைய வேட்டித் துண்டு நிழல் போதும்.

தொட்டிக்கு மாற்றிய மூன்று வாரம் கழித்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை உரம். ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிவைப் பத்து மடங்கு நீர் கலந்து ஊற்றலாம். மொட்டு கண்டபின் குறைத்துக்கொள்ள வேண்டும். அதிகம் போட்டால் இலை தளதளக்கும், பூ ஒளிந்துகொள்ளும்.

பூக்க ஆரம்பித்தபின் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சிவப்பு சால்வியாவில் பூவிதழ் உதிர்ந்தாலும், அதைத் தாங்கிய புல்லிவட்டம் அதே சிவப்பில் பல நாள் நிற்கும். பூ இருப்பதாகவே கண் ஏமாறும். செடியோ உள்ளுக்குள் விதை கட்டத் தொடங்கியிருக்கும். விதை கட்டிய செடிக்கு மேலும் பூக்க ஆசை இல்லை. கொத்தில் இதழெல்லாம் உதிர்ந்ததும், அடுத்த ஜோடி இலைக்கு மேலே கத்தரித்துவிட வேண்டும். அங்கிருந்து இரண்டு புதிய கொத்து கிளம்பும். இப்படிச் செய்தால் தை முதல் பங்குனி வரை பூக்கும். செய்யாவிட்டால் முதல் சுற்றோடு முடிந்துவிடும். கடையில் வாங்கி வந்த செடிக்கும் இந்த வைத்தியம் பொருந்தும்.

கடையில் வாங்குவதானால் முழுக்கப் பூத்த செடியைத் தொடவே வேண்டாம். நான்கைந்து கிளையோடு, மொட்டு லேசாகச் சிவக்கத் தொடங்கிய குட்டைச் செடியே நல்லது. இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் வெள்ளை ஈயோ பஞ்சு போன்ற மாவுப்பூச்சியோ இருந்தால் விலை பாதியானாலும் வேண்டாம். ஐதராபாத் நர்சரிகளில் உள்ள செடிகளில் பல, கோதாவரிக் கால்வாய்க் கரையிலுள்ள கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருபவை. அந்த ஈரக் காற்றிலிருந்து வந்த செடியை வாங்கிய அன்றே வெயிலில் வைக்காமல், நான்கு நாள் நிழலில் இருத்திப் பிறகு வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

தேன்சிட்டும் பிள்ளைகளும்

பிரேசிலில் இந்தச் சிவப்புப் பூக்களுக்குத் தேன் தேடி வருபவை, அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும் சின்னஞ்சிறு ரீங்காரச் சிட்டுகள். நம் நாட்டில் அந்தப் பறவை இல்லை. ஆனால் ஊதாத் தேன்சிட்டு இருக்கிறது. மூன்றாம் மாடி வராந்தாவில் நான்கு தொட்டி சால்வியா இருந்தாலும் அது மோப்பம் பிடித்தது போல வந்து சேரும்.

நீலப் பூ சால்வியாவுக்குத் தேனீக்கள் வரும். அதன் பூவுக்குள் அற்புதமான ஒரு பொறி இருக்கிறது. கிராமத்துக் கிணற்றில் ஏற்றம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். மகரந்தக் காம்பு நடுவில் அச்சு வைத்த ஏற்றக்கால் போல நிற்கும். தேனீ தலையை நுழைத்து உள்முனையைத் தள்ளியதும் வெளிமுனை சாய்ந்து தேனீயின் முதுகில் மகரந்தத்தைப் பூசிவிடும். தேனீ வெளியே வந்ததும் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். இத்தகைய பொறியை ஒரு சால்வியாப் பூவில் கண்டு 1793-ல் நூலில் எழுதியவர் ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மானியர். ஒரு புல் நுனியை நீலப் பூவின் வாயில் மெல்ல நுழைத்து, பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே காட்டலாம்.

பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. சிவப்புப் பூவைப் பிடுங்கி அடியிலுள்ள துளித் தேனை உறிஞ்சுவது எல்லா ஊர்ப் பள்ளிக்கூடத் தோட்டத்திலும் நடப்பது. இதனாலேயே மருந்து அடிக்கும் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். கடையிலிருந்து வந்த செடிக்கு என்ன அடித்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. அந்தப் பூவை வாயில் வைக்கப் பிள்ளைகளை விடக் கூடாது.

வீட்டுச் செடிக்கு விஷ மருந்து அவசியமும் இல்லை. அசுவினியும் வெள்ளை ஈயும் வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, தேனீ அடங்கிய மாலை நேரத்தில் இலையின் அடிப்புறம் படும்படி தெளிக்கலாம். மாசி வறட்சியில் இலை புள்ளி புள்ளியாக வெளுத்து, அடியில் நூலாம்படை போலத் தெரிந்தால் அது செஞ்சிலந்தி. வறட்சிதான் அதற்குக் கொண்டாட்டம். இலையின் அடியைத் தினம் நனைத்தால் ஓடிவிடும்.

விட வேண்டியதை விட வேண்டும்

பங்குனி முடியும்போது சிவப்பு சால்வியா களைத்துவிடும். அதை எப்படியாவது கோடை தாண்டிக் கொண்டுபோக வேண்டும் என்று முயல்பவர்கள் உண்டு. அது வீண் வேலை. மே மாதத்தில் ஒரு தொட்டிக்கு இரு வேளை தண்ணீர் வேண்டும். பல பேட்டைகளில் அப்போது லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையில் நிற்கும். குடிக்கவும் குளிக்கவும் கணக்குப் பார்க்கும் வீட்டில், சாகப் போகும் செடிக்கு வாளி வாளியாக ஊற்றுவது நியாயமாகாது. காலம் அறிந்து விதைப்பதன் பெரிய லாபமே இதுதான். தண்ணீர்ப் பஞ்சம் வருமுன் இந்தப் பூ தன் கச்சேரியை முடித்துக்கொள்கிறது.

கோடையிலும் பூ வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு உறவினர்கள் உண்டு. ஒன்று, டெக்சாஸ், மெக்சிகோ பகுதியிலிருந்து வந்த நீல சால்வியா. மெலிந்த கதிர், மாவு பூசியது போன்ற தண்டு. வெயிலைச் சிவப்பு வகையைவிட நன்றாகத் தாங்கும். சித்திரையில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வெட்டி, நிழலில் வைத்து, உயிர் பிடிக்க மட்டும் நீர் ஊற்றினால் ஜூன் மழைக்கு மறுபடி துளிர்க்கும். மற்றொன்று, நீலகிரிப் பக்கம் சாலையோரத்தில் தானாகவே வளர்ந்து நிற்கும் மெல்லிய சிவப்பு வகை. நர்சரிப் பூவின் பகட்டு அதற்கில்லை. ஆனால் தானே விதை கொட்டித் தானே முளைக்கும் வைராக்கியசாலி. சமையல் 'சேஜ்' வளர்க்க ஆசைப்படுபவர்கள் மணல் அதிகம் கலந்த மண்பானைத் தொட்டியில், மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். அதற்கு வெயிலைவிட ஆடி ஆவணி மழைதான் எமன்.

மற்றவர் தோட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள், பொல்லாரத்திலுள்ள ராஷ்டிரபதி நிலையத்துக்கு ஒரு நடை போய்வரலாம். ஜனாதிபதி வந்து தங்கும் அந்த மாளிகையும் தோட்டமும் 2023 மார்ச் முதல் ஆண்டு முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. நாம்பள்ளி பப்ளிக் கார்டன்ஸுக்குப் போனால் செலவே இல்லை. 1938-ல் முதல் நுமாயிஷ் நடந்ததும் அந்தத் தோட்டத்தில்தான். அங்கே செடிக்குச் செடி விட்டிருக்கும் இடைவெளியைப் பார்த்தாலே ஒரு பாடம் கற்றாயிற்று.

ஒரு கவர் விதை

மாசியில் நல்ல கொத்து இரண்டை மட்டும் வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். சிவந்த புல்லிவட்டம் காய்ந்து நிறம் மங்கும்போது, உள்ளே எட்டிப் பார்த்தால் அதிகபட்சம் நான்கு கறுத்த விதைகள் அடியில் உட்கார்ந்திருக்கும். துளசி விதையும் நான்குதான். பழுத்தால் தாமாகக் கொட்டிவிடும் என்பதால், கொத்தின் மேல் ஒரு காகித உறையைக் கவிழ்த்து நூலால் கட்டிவிடுவது வழக்கம். உதிர்ந்த விதையை இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, கவரில் போட்டு, வருஷமும் நிறமும் எழுதி அலமாரியில் வைக்கலாம். கலப்பின விதையிலிருந்து வந்த செடியானால் அடுத்த தலைமுறை உயரத்திலும் நிறத்திலும் கொஞ்சம் மாறி வரும். அதனால் குறை ஒன்றும் இல்லை.

வாடகை வீட்டில் குடியிருப்பவனுக்குத் தென்னை வைக்க உரிமை இல்லை. மாமரம் வைத்தால் பழுக்குமுன் மாற்றல் உத்தரவு வந்துவிடும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் முருங்கையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. சால்வியா கேட்பது ஐந்தாறு மாதம். வீடு மாறினால் தொட்டியோடு வரும். ஊரே மாறினால் கவரோடு வரும். லாலாகுடாவிலிருந்து விஜயவாடாவுக்கோ நாக்பூருக்கோ மாற்றலாகும் குமாஸ்தாவின் டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டுக்கும் நடுவே அந்தக் கவருக்கும் இடம் இருக்கும்.

போன இடத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது, மழை எப்போது ஓய்கிறது, குளிர் எப்போது தொடங்குகிறது என்பதுதான். அது தெரிந்தால் விதைக்கும் நாள் தெரிந்துவிடும். அந்த ஊர்த் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும்.